கவட்டியில் குடியேறிய வலி: இடுப்பு மூட்டை மாற்றும் கட்டம் எது?

கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கிளினிக்கில் போய் உட்கார்ந்து, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "டாக்டர், இங்கதான் வலிக்குது" என்றால், பெரும்பாலும் முதுகெலும்பின் அடிப்பகுதிக்குத்தான் எக்ஸ்ரே எழுதுவார்கள். அறுபது வயதுக்காரரின் படத்தில் வயதுக்கு உரிய தேய்மானம் எப்படியும் தெரியும். பிறகென்ன, அதற்கொரு மாத்திரை, ஒரு தைலம், ஒரு பெல்ட் என்று மாதங்கள் ஓடும். உண்மையில் தேய்ந்துகொண்டிருப்பதோ அங்கிருந்து ஒரு சாண் கீழே, தொடை எலும்பின் உருண்டைத் தலை போய்ப் பொருந்தும் குழியில்.

மூட்டு மாற்று அறுவை வேண்டுமா என்று கேட்பதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா? இதைத் தாண்டிக் குதித்ததால்தான் முதுகுக் கோளாறுக்கு இடுப்பை மாற்றிக்கொண்டவர்களும், இடுப்புக் கோளாறுக்கு முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்

இடுப்பு மூட்டு பலரும் நினைக்கும் இடத்தில் இல்லை. பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படுவது தொடை எலும்பின் வெளிப்புறப் புடைப்பு மட்டுமே. மூட்டு அதற்கு உள்ளே, ஆழத்தில், கவட்டிக்கு நேர் பின்னால் இருக்கிறது. அதனால் மூட்டு தேய்ந்தால் வலி முக்கியமாகக் கவட்டியில் வரும். அங்கிருந்து தொடையின் முன்பக்கமாக இறங்கி முழங்கால்வரை போகும். இரண்டு மூட்டுகளுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால் சிலருக்கு முழங்காலில் மட்டுமே வலி தெரியும். அவர்கள் மல்லாந்து படுத்து முழங்காலை மட்டும் மடக்கி நீட்டிப் பார்க்கட்டும். பிறகு காலை நீட்டி வைத்தபடியே முழுக்காலையும் உள்ளும் புறமும் உருட்டிப் பார்க்கட்டும். முதலாவது வலிக்காமல் இரண்டாவது வலித்தால், குற்றவாளி முழங்கால் இல்லை.

வலியைக் காட்டச் சொன்னதும் சிலர் பெருவிரலைப் பின்பக்கமும் மற்ற விரல்களைக் கவட்டிப் பக்கமும் வைத்து, கையை வளைத்து இடுப்பின் பக்கவாட்டைப் பற்றிக் காட்டுவார்கள். அந்தப் பிடியைப் பார்த்ததுமே எலும்பு மருத்துவர் மூட்டைச் சந்தேகிப்பார்.

பக்கவாட்டுப் புடைப்பின்மேல் மட்டும் வலி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றால், பிட்டத் தசைகளின் நாண்கள் நைந்திருக்கலாம். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களிடம் இது அதிகம். இதற்குத் தசைப்பயிற்சிதான் வழி. மூட்டை மாற்றினால் போகாது. பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால், பாதம்வரை இறங்கும் வலியும் மதமதப்பும் முதுகுத்தண்டைக் காட்டுகின்றன. தண்டுவடப் பாதை குறுகியவர்களுக்கு நிமிர்ந்து நடந்தால் கால் கனக்கும். மைடின் பேரங்காடியில் டிராலியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் எவ்வளவு தூரமும் போவார்கள். இடுப்பு மூட்டு தேய்ந்தவருக்கு டிராலி அவ்வளவு சுகம் தராது. நாற்காலியிலிருந்து எழுந்ததும் முதல் சில அடிகள் அவருக்கு நரகம். கொஞ்சம் நடந்தால் இளகும். தூரம் கூடினால் மறுபடி பிடிக்கும்.

முதுகும் இடுப்பும் சேர்ந்தே கெட்டிருப்பதும் வயதானவர்களிடம் சகஜம். எது அதிக வலியைத் தருகிறது என்று பிரித்தறிய ஒரு நேர்மையான வழி இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் அல்லது எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்துவார்கள். அடுத்த சில மணி நேரம், வழக்கமாக வலியைக் கிளப்பும் வேலைகளையெல்லாம் செய்து பார்க்க வேண்டும். வலி பெருமளவு மறைந்தால் மூட்டுதான் மூலம். அரைகுறையாகக் குறைந்தால், அறுவைக்குப் பிறகும் மீதி வலி இருக்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. விழுந்தபின் காலை ஊன்ற முடியவில்லை, கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பிக் கிடக்கிறது என்றால் எலும்பு முறிவு; ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு இடுப்பை அசைக்கவே முடியாத வலி வந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு அவகாசம் மணிக்கணக்கில்தான். எலும்பு மெலிவுக்குப் பல ஆண்டுகளாக அலெண்ட்ரோனேட் சாப்பிடுபவருக்குத் தொடை நடுவில் மந்தமான வலி தொடங்கினால், தொடை எலும்பு முழுவதற்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்த மருந்தால் அபூர்வமாக வரும் கீறல், ஒருநாள் சும்மா நடக்கும்போதே முழு முறிவாகிவிடும். உடம்பு மெலிந்துகொண்டே போவது, முன்பு புற்றுநோய் இருந்தது, இரவில் மட்டும் குடைவது ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. காசநோய் இடுப்பு மூட்டையும் பிடிக்கும் என்பதை நம் நாட்டில் மறந்துவிட முடியாது.

நாற்காலியிலேயே ஒரு சோதனை

நிமிர்ந்து உட்காருங்கள். முழங்கால்கள் இரண்டும் ஒட்டியபடி அசையாமல் இருக்க, பாதங்களை மட்டும் இரண்டு பக்கமும் வெளியே விரியுங்கள். பாதம் வெளியே போகும்போது தொடை எலும்பின் தலை குழிக்குள் உட்புறமாகத் திரும்புகிறது. மூட்டு தேயத் தொடங்கினால் முதலில் பறிபோவது இந்தத் திருப்பம்தான். நல்ல மூட்டில் இது 30 பாகை அளவுக்காவது போகும். அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 1991இல் வெளியிட்ட அளவுகோலில் 15 பாகை எல்லைக்கோடு. கோணமானி எல்லாம் தேவையில்லை. ஒரு பக்கம் தாராளமாகப் போக, மறுபக்கம் பாதியில் நின்று கவட்டியில் சுருக்கென்றால் போதுமான சாட்சி.

காலையில் எழுந்ததும் வரும் பிடிப்பு தேய்மானத்தில் அரை மணி நேரத்துக்குள் இளகும். ஒரு மணி நேரத்தையும் தாண்டி இருக்கிறது, கை விரல்களும் வீங்குகின்றன, அல்லது முப்பது வயதிலேயே விடியற்காலை முதுகுப் பிடிப்போடு வருகிறது என்றால், அது அழற்சி வாதமாக இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியவர் வாதநோய் நிபுணர்.

வலியைவிட நம்பகமான அளவுகோல், எதையெல்லாம் சத்தமில்லாமல் விட்டுவிட்டோம் என்ற பட்டியல். வலி நாளுக்கு நாள் மாறும், மனநிலையோடு ஏறி இறங்கும். பட்டியல் பொய் சொல்லாது. கைலி கட்டத் தடையில்லை, சிலுவாரில் கால் நுழைக்க மட்டும் கட்டிலைப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? கால் நகத்தை வேறு யாராவது வெட்டிவிடுகிறார்களா? மைவி காரில் ஏறும்போது முதலில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு கையால் காலைத் தூக்கி உள்ளே வைக்கிறீர்களா? மோட்டாரில் காலைத் தூக்கிப் போட முடியாமல் வண்டியையே விட்டாயிற்றா? கோவில் அன்னதானத்தில் தரையில் உட்காராமல் ஓரத்து நாற்காலியைத் தேடுகிறீர்களா? பத்துமலைக்குப் போய் 272 படிகளை ஏறாமல், கீழேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புவது எத்தனையாவது வருடம்?

இதையே முறைப்படுத்தி 1996இல் வந்தது ஆக்ஸ்ஃபோர்ட் இடுப்பு மதிப்பெண். கடந்த நான்கு வாரங்களைப் பற்றி 12 கேள்விகள்: குளித்துத் துவட்டுவது, காரில் ஏறி இறங்குவது, காலுறை போடுவது, கடைக்குப் போய்வருவது, படியேறுவது, இரவு வலி முதலியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4வரை, மொத்தம் 48. மதிப்பெண் கூடக் கூட மூட்டு நலம். 20க்குக் கீழே போனால் கடும் பாதிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்த்துத் தேதியோடு எழுதிவைத்தால், மருத்துவரிடம் 'ரொம்ப வலிக்குது' என்று சொல்வதைவிட அந்தத் தாள் அதிகம் பேசும்.

படம் சொல்வதும் சொல்லாததும்

கேட்டு வாங்க வேண்டிய படம், இரண்டு இடுப்பு மூட்டுகளும் ஒரே தகட்டில் விழும் இடுப்புக்கூட்டு எக்ஸ்ரே. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் ஒப்பிட ஆளில்லை. எலும்புத் தலைக்கும் குழிக்கும் நடுவே கறுப்பாகத் தெரியும் இடைவெளிதான் குருத்தெலும்பு. நல்ல மூட்டில் அது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். 2க்குக் கீழே போனால் தேய்மானம் உறுதி. ஓரங்களில் எலும்புத் துருத்தல், எலும்பு வெளுத்து இறுகுவது, உள்ளே சிறு குழிகள் ஆகியவை மற்ற அடையாளங்கள். இவற்றை வைத்து 0 முதல் 4வரை தரம் பிரிப்பார்கள். நான்காம் தரம் என்றால் எலும்போடு எலும்பு.

ஆனால் படத்தை மட்டும் பார்த்து ஆபரேஷன் தேதி குறிப்பதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்த இடுப்புகளில் ஐந்தில் ஒன்றுக்கு மட்டுமே அடிக்கடி வலி இருந்தது. இன்னொரு பக்கம், அடிக்கடி வலித்த இடுப்புகளில் 16 சதவீதத்தில்தான் படத்தில் தேய்மானம் தெரிந்தது. படமும் வலியும் ஒரே கதையைச் சொன்னால்தான் மேலே போக வேண்டும்.

படம் ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவது ஒரு தனி நோய். முப்பது முதல் ஐம்பது வயதுக்காரர்களுக்கு வரும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். காரணங்களில் இரண்டு முக்கியமானவை: நீண்ட நாள் மது, நீண்ட நாள் ஸ்டீராய்டு. லூபஸ், சிறுநீரக நோய் போன்றவற்றுக்கு மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு தெரிந்தே சாப்பிடுவது. தெரியாமல் சாப்பிடுவதும் உண்டு. பாசார் மாலாமிலும் இணையத்திலும் விற்கும் மாஜுன் உருண்டை, 'மூலிகை' வலி நிவாரணி மாத்திரை போன்றவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததாக நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. மூன்றே நாளில் எல்லா வலியும் பறந்துவிட்டது, பசி பிரமாதம், முகம் உப்பிவிட்டது என்றால் அது மூலிகையின் மகிமை இல்லை. பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஃபார்மாடேக் ஹோலோகிராமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் (NPRA) இணையதளத்தில் தேடிச் சரிபார்க்கலாம். பல மாதம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு உறங்கிப்போயிருக்கும், ரத்த அழுத்தம் விழுந்து மயங்கும் அபாயம் உண்டு. மிச்சமிருக்கும் உருண்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போவதுதான் சரி.

எலும்புத் தலை நொறுங்குவதற்கு முன்னால் இந்த நோயைப் பிடித்துவிட்டால், உள்ளே துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்து மூட்டைக் காப்பாற்ற முயலலாம். நொறுங்கியபின் மிஞ்சுவது மூட்டு மாற்று ஒன்றுதான். ஆகவே ஸ்டீராய்டோ நெடுநாள் குடியோ இருந்தவருக்குக் கவட்டி வலி வந்து, எக்ஸ்ரேயில் 'ஒன்றுமில்லை' என்று வந்தால், அதோடு விடக்கூடாது. குடிப்பதை மறைக்காமல் சொன்னால்தான் மருத்துவருக்கு எம்.ஆர்.ஐ. எழுதத் தோன்றும்.

முதலில் செய்து பார்க்க வேண்டியவை

ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் அந்த இடுப்பு மூட்டு உடல் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு சுமக்கிறது. நடக்கும் ஒவ்வோர் அடியும் ஒற்றைக் காலில் நிற்பதுதான். எடை குறைந்தால் அதே மடங்கில் சுமை குறையும். கைத்தடியையும் நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கத்தில் ஊன்றிக்கொண்டு நடப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். அது பாதிப் பயன்கூடத் தராது. கையைத் தொங்கவிட்டால் தடியின் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். சந்தைப் பை மட்டும் தடிக்கு நேர்மாறு, வலிக்கிற பக்கத்துக் கையில்.

பயிற்சி என்றால் வேக நடை இல்லை. மல்லாந்து படுத்துப் பிட்டத்தைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலை உயர்த்துவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, நிலையான சைக்கிள், நீச்சல். வாரம் மூன்று நாள், குறைந்தது மூன்று மாதம். செய்யும்போது ஓரளவு வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அளவு சரி.

பனடோல் 500 மில்லிகிராம் என்றால் 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது. கல்லீரல் பழுதானவர்களுக்கு அதுவும் அதிகம். வோல்டாரன், அர்கோக்சியா வகை மாத்திரைகள் நன்றாகக் கேட்கும், ஆனால் நம் ஆட்களிடம் அவை தனி ஆபத்து. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்தியர்களிடம்தான் நீரிழிவு மிக அதிகம். நீரிழிவோடு ரத்த அழுத்தமும் சேர்ந்து, பெரிண்டோப்ரில் போன்ற மாத்திரையும் நீரிறக்கி மாத்திரையும் தினம் சாப்பிடுபவர், இந்த வலி மாத்திரையையும் அவற்றோடு சேர்த்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்திலிருந்தும் அடி. மருந்துக் கடையில் அட்டை அட்டையாக வாங்கிச் சாப்பிட்டு இடுப்பு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, கடைசியில் டயாலிசிஸில் போய் நிற்பது லாபமான பேரம் இல்லை.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு இதம் தரும். அதைப் போட்டபின் மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்தால் கிருமித்தொற்று அபாயம் கூடுகிறது. அறுவை நெருங்குகிறது என்றால் ஊசி வேண்டாம். குளுக்கோசமினுக்கு இடுப்பில் சொல்லும்படியான பயன் இல்லை. எலும்போடு எலும்பு உரசும் கட்டத்தில் பிளாஸ்மா ஊசியோ ஸ்டெம் செல்லோ குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்காது. விளம்பரம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. உருட் எனும் மலாய் மசாஜ் செய்வது சுற்றியுள்ள தசையை இளக்கும், மூட்டைத் தொடாது. எலும்பு மெலிந்தவரின் காலை முறுக்கி இழுக்கவிடாதீர்கள்.

தாங்க முடியுமா என்பதல்ல கேள்வி

இதையெல்லாம் மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும், ராத்திரி வலி எழுப்புகிறது, உட்கார்ந்திருக்கும்போதும் வலிக்கிறது, வீட்டிலிருந்து எல்.ஆர்.டி. நிலையம்வரை நடக்கும் தூரம் பாதியாகிவிட்டது, விட்டுப்போனவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, எக்ஸ்ரேயும் ஒத்துப்போகிறது என்றால், மூட்டு மாற்றைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. 2024இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. கடும் தேய்மானமுள்ள 109 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மூட்டு மாற்று, மறு பிரிவுக்குக் கண்காணிப்போடு எடைப்பயிற்சி. ஆறு மாதத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் மதிப்பெண் அறுவைப் பிரிவில் சராசரியாக 15.9 கூடியது, பயிற்சிப் பிரிவில் 4.5. பயிற்சி வீண் இல்லை என்பதும் இதில் இருக்கிறது, கடைசிக் கட்டத்தில் அதன் எல்லை எங்கே என்பதும் இருக்கிறது.

"இன்னும் தாங்க முடியுது, பார்த்துக்கலாம்" என்பது நம் வீடுகளில் எல்லா அம்மாவும் சொல்வது. தாங்குவதில் என்ன நஷ்டம் என்று கணக்குப் போட வேண்டும். சாதாரணத் தேய்மானத்தில் சில மாதம் காத்திருப்பதால் அறுவை கெட்டுவிடாது. தீபாவளி முடிந்து, மகள் கல்யாணம் முடிந்து செய்துகொள்ளலாம். வருடக்கணக்கில் போனால் கதை வேறு. பிட்டத் தசை கரையும். மூட்டு மடங்கியபடியே இறுகி, கால் குட்டையானதுபோல் நிற்கும். அதை ஈடுகட்ட முதுகு வளையும். நடை குறைந்ததால் சர்க்கரை ஏறும். மிகவும் மோசமான நிலையில் அறுவைக்குப் போகிறவர்கள் அதற்குப் பிறகும், நேரத்தோடு போனவர்களின் அளவுக்கு எட்டுவதில்லை. குழியின் எலும்பே தேய்ந்து தலை உள்நோக்கிப் புதையத் தொடங்கியிருந்தாலும், எலும்புத் தலை நொறுங்கிக்கொண்டிருந்தாலும் காலம் தாழ்த்தவே கூடாது. மாற்று மூட்டைப் பொருத்த எலும்பு மிஞ்சியிருக்க வேண்டுமே.

வாரத்தில் ஒருநாள் மாத்திரை போடுபவர், வேலை, தூக்கம் எதுவும் கெடாதவர், எக்ஸ்ரேயில் நான்காம் தரமே இருந்தாலும் அவசரப்பட வேண்டாம்.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. 2019இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி மாற்று இடுப்புகளில் 15 ஆண்டுகள் நீடித்தவை 89 சதவீதம், 20 ஆண்டுகள் 70, 25 ஆண்டுகள் 58. இவை பழைய ரகப் பொருட்களையும் சேர்த்த கணக்கு. எழுபதைத் தாண்டிச் செய்துகொள்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மூட்டே ஆயுளுக்கும் போதும். ஐம்பதில் செய்துகொள்பவருக்கு இன்னொரு முறை திறக்கும் வாய்ப்பு பல மடங்கு. மறு அறுவை முதலாவதைவிட நீளம், சிரமம், செலவு. அதற்காக நாற்பத்தைந்து வயதுக்காரர் வேலையை விட்டுவிட்டு அறுபதுவரை முடங்கிக் கிடக்க வேண்டும் என்றும் இல்லை.

உள்ளே வைப்பது என்ன

ஜான் சார்ன்லி 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் செய்து நிலைநிறுத்திய முறைதான் இன்றைக்கும் அடிப்படை: உலோகத் தலை, பாலிஎத்திலீன் கிண்ணம், அக்ரிலிக் சிமெண்ட். இன்றைய மூட்டில் நான்கு பாகங்கள். குழியில் டைட்டேனியம் கிண்ணம். அதற்குள் இறுக்கப்பட்ட பிளாஸ்டிக் அல்லது செராமிக் உள்ளுறை. செராமிக் அல்லது உலோக உருண்டை, பொதுவாக 28, 32 அல்லது 36 மில்லிமீட்டர். தொடை எலும்பின் உள்ளே இறங்கும் தண்டு. இந்தத் தண்டை, எலும்பு மெலிந்தவர்களுக்குச் சிமெண்ட் வைத்தும், எலும்பு உறுதியானவர்களுக்குச் சிமெண்ட் இல்லாமலும் பொருத்துவார்கள். ஒன்று முதல் இரண்டு மணி நேர வேலை, பெரும்பாலும் முதுகில் மரப்பு ஊசி போட்டு. முன்பக்கமாகத் திறப்பதா பின்பக்கமாகவா என்பதில் விளம்பரம் சொல்லும் அளவுக்கு நீண்டகால வித்தியாசம் இல்லை. அந்த வழியில் அந்த மருத்துவரின் கை எவ்வளவு பழகியது என்பதே முக்கியம். வருடத்துக்கு எத்தனை இடுப்பு செய்கிறீர்கள், வைக்கப்போகும் பொருளுக்கு ஓடெப் தரம் என்ன என்று கேளுங்கள். பத்து ஆண்டு, பதிமூன்று ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று நிரூபிக்கப்பட்ட ஆயுளைக் காட்டும் பிரிட்டிஷ் தரவரிசை அது. கேட்டதற்காக நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கெடுவதும் உண்டு. மூட்டுக்குள் கிருமி புகுவது நூற்றில் ஒருவருக்கு ஏறத்தாழ. வந்தால் மூட்டையே கழற்ற வேண்டிவரும். உருண்டை குழியிலிருந்து நழுவுவது, கால் ரத்தக்குழாயில் கட்டி உறைவது, கால் நீளம் மாறுவது, நரம்பு இழுபடுவது மற்றவை. கிருமி விஷயத்தில்தான் நோயாளியின் கையில் நிறைய இருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8க்கு மேல் இருந்தால் பல இடங்களில் தேதியைத் தள்ளிவிடுவார்கள்; அதற்கு மூன்று மாதம் முன்பே சர்க்கரையைப் பிடியுங்கள். சொத்தைப் பல்லை முதலிலேயே முடித்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் தொடையிடுக்கில் படரும் படை சின்ன விஷயமாகத் தெரியும். கத்தி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது இருந்தால் அன்றைய ஆபரேஷன் ரத்து. சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தம் இளக்கும் மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் மயக்க மருத்துவரிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

செலவும் வழியும்

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு நிபுணர் கிளினிக்குக்குப் போனால் 5 வெள்ளி. தனியார் கிளினிக்கின் கடிதத்தோடு போனால் முதல் தடவை 30. கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியிலும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், செராஸிலுள்ள துவாங்கு முரிஸ் மருத்துவமனையிலும் எலும்புப் பிரிவுகள் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது என்னவென்றால், வார்டுக் கட்டணம் குறைவாக இருந்தாலும் உள்ளே வைக்கும் மூட்டின் விலை வேறு கணக்கு. அரசு ஊழியரும் ஓய்வூதியரும் அதற்குத் துறை வழியாக விண்ணப்பிக்கலாம். வசதி இல்லாதவர்கள் மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைப் பார்த்து மருத்துவ உதவி நிதிக்கு எழுத வேண்டும். வருமானச் சான்றுகளைச் சேர்க்கவே வாரங்கள் ஆகும். தேதி கிடைத்தபின் ஓடாமல், பேச்சு தொடங்கும்போதே அந்த மேசைக்குப் போய்விடுங்கள். தனியாருக்குப் போகிறவர்கள், மூட்டு, மயக்க மருத்துவர், உடற்பயிற்சிச் சிகிச்சை மூன்றும் தனித்தனியாகக் குறிப்பிட்ட மதிப்பீட்டை எழுத்தில் வாங்க வேண்டும்.

வீடு தயாரா

அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்கவைப்பார்கள். சில நாளில் வீடு. பின்பக்கமாகத் திறந்திருந்தால் முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்ளே திருப்பக் கூடாது. இதைக் கேட்டதும் நம் வீட்டுப் பொருட்களை எண்ணிப் பாருங்கள்: தாழ்வான சோபா, தரையில் மெத்தை, குந்தும் கழிப்பறை, ஈரக் குளியலறைத் தரை. கைப்பிடியுள்ள, முழங்காலைவிடச் சற்று உயரமான நாற்காலி ஒன்று, கழிப்பறை இருக்கைக்கு உயர்த்தி, குளிக்க நாற்காலி, வழுக்காத பாய், நீளமான செருப்புக் கரண்டி. இவை அறுவைக்கு முந்தின வாரமே வீட்டில் இருக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத நாலு மாடி அடுக்ககத்தில் குடியிருப்பவர்கள் முதல் சில வாரங்களுக்குக் கீழ்வீட்டு உறவினர் யாரையாவது பார்த்து வைப்பது நல்லது. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

ரத்தம் உறையாமல் தரும் மாத்திரையோ ஊசியோ ஐந்து வாரம்வரை போகலாம். காயம் ஆறிவிட்டதென்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். கார் ஓட்ட ஏறத்தாழ ஆறு வாரம். வலது இடுப்பு என்றால் பிரேக்கை உதைத்து மிதிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான். மேசை வேலைக்கு ஆறு வாரம், உடலுழைப்புக்கு மூன்று மாதம். குந்தும் கழிப்பறைக்கும் தரையில் சம்மணத்துக்கும் எப்போது திரும்பலாம், திரும்பலாமா என்பது வைத்த உருண்டையின் அளவையும் திறந்த வழியையும் பொறுத்தது. உங்கள் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். "கவனமா இருங்க" என்பது பதில் இல்லை.

வீடு திரும்பும் நாளில் ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே வைத்த ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் தயாரிப்பாளர், அளவு, தொடர் எண் அச்சிட்ட ஒட்டி இருக்கும். அவற்றை உங்கள் கோப்பில் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் போட்டுவையுங்கள். பதினெட்டு வருடம் கழித்து ஜொகூரிலோ ஈப்போவிலோ வேறொரு மருத்துவர் உள்ளுறையை மட்டும் மாற்ற வேண்டிவந்தால், அதற்குப் பொருந்தும் பாகம் எது என்று அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார். எண் இல்லையென்றால் உறுதியாகப் பொருந்தி நிற்கும் கிண்ணத்தையும் சேர்த்துப் பெயர்த்தெடுக்க நேரலாம்.